விந்தணுவைப் பழக்கும் நீர்கள்

உறைவிந்து நிலையத்தில் ஒரு காளையின் விந்துக்கு மதிப்பெண் போடும் முறை எளிமையானது. திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த, விந்து அடைத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் உருக்குகிறார்கள். ஒரு துளியைச் சூடான கண்ணாடித் தகட்டில் வைத்து, எத்தனை விந்தணுக்கள் நேராக முன்னோக்கி நீந்துகின்றன என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இந்தியாவில் நடப்பிலுள்ள தரவிதிப்படி 0.25 மில்லி குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். உருக்கிய பிறகு அவற்றில் பாதிக்காவது முன்னோக்கிய ஓட்டம் இருக்க வேண்டும். இந்தத் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு காளைகளில் ஒன்றின் விந்து கிராமத்தில் நன்றாகச் சினை பிடிக்கிறது, மற்றதன் விந்து ஏமாற்றுகிறது. கால்நடை மருத்துவர்களுக்கு இது பழகிய புதிர்.

சினை ஊசி போட்ட கை, மாட்டின் தீவனம், பருவத்தைக் கண்ட நேரம் என்று இதற்குக் காரணங்கள் பல. ஆனால் தேர்வின் உள்ளேயே ஒரு குறை இருக்கிறது. தகட்டில் இருக்கும் விந்தணு முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் கலந்த கரைசலில் நீந்துகிறது. அது வேலை செய்ய வேண்டிய இடமோ பசுவின் கருப்பைக் கழுத்துக் கோழை, கருப்பை நீர், கருக்குழாய் நீர் ஆகியவை. இந்த நீர்கள் விந்தணுவை வெறுமனே சுமந்து செல்வதில்லை. சிலவற்றைத் தடுக்கின்றன, சிலவற்றைப் பிடித்து வைக்கின்றன, அவற்றின் சவ்வை மாற்றுகின்றன, ஓட்டத்தின் பாங்கையே மாற்றுகின்றன. சினை பிடிக்கும் திறன் விந்தில் மட்டும் இருக்கும் ஒரு குணம் என்று எண்ணி அதை அளக்கும்வரை அந்தப் புதிர் அவிழாது என்பதே என் எண்ணம்.

இது முதலில் தெளிவானது 1951ஆம் ஆண்டில். அமெரிக்காவில் எம்.சி. சாங், ஆஸ்திரேலியாவில் சி.ஆர். ஆஸ்டின் என இருவர், ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல், ஒரே முடிவுக்கு வந்தார்கள். சாங் முயலின் கருக்குழாய்க்குள் நேராக விந்தைச் செலுத்திப் பார்த்தார். முட்டை வெளிவந்த பிறகு செலுத்தினால் பெரும்பாலும் கருவுறவில்லை. சில மணி நேரம் முன்னதாகவே செலுத்தி வைத்திருந்தால் கருவுற்றது. ஆஸ்டின் எலிகளில் இதையே கண்டார். புதிதாக வெளிவந்த விந்தணு, எவ்வளவு துள்ளலாக நீந்தினாலும், முட்டையைத் துளைக்கத் தகுதியற்றது. பெண்ணின் பாதையில் சில மணி நேரம் கிடந்தால்தான் அந்தத் தகுதி வருகிறது. ஆஸ்டின் மறு ஆண்டு இதற்குக் கபாசிட்டேஷன் என்று பெயரிட்டார். இங்கே திறனேற்றம் என்று சொல்லிக்கொள்வோம். 1957இல் சாங் இன்னொன்றும் காட்டினார்: திறனேறிய விந்தணுவை மறுபடி விந்து நீரில் போட்டால் அந்தத் திறன் போய்விடுகிறது. ஆணின் நீர் பூட்டுகிறது, பெண்ணின் நீர் திறக்கிறது.

திறனேற்றத்தின் உள்விவரம் இன்று ஓரளவு தெரியும். கருக்குழாய் நீரில் பைகார்பனேட் மிகுதி. அது விந்தணுவுக்குள் நுழைந்து ஒரு நொதியைத் தூண்டுகிறது, அதன் வழியே பல புரதங்கள் பாஸ்பேட் ஏற்றுக்கொள்கின்றன. அல்புமின் போன்ற புரதங்கள் விந்தணுச் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவி எடுக்கின்றன. சவ்வு இளகுகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. இப்படித் தயாரான விந்தணுவுக்கு ஆயுள் குறைவு. சீக்கிரம் தயாரானால் முட்டை வருமுன் செத்துப்போகும். தாமதமானால் முட்டை கெட்டுவிடும். ஆகவே கேள்வி தயாராவதைப் பற்றியது மட்டுமல்ல, எப்போது தயாராவது என்பதைப் பற்றியதும்கூட. அந்த நேரக்கணக்கைப் பெண்ணின் சுரப்புகள்தான் பார்த்துக்கொள்கின்றன.

பசுவில் முதல் சுரப்பு எல்லா விவசாயிக்கும் தெரிந்ததுதான். மாடு பருவத்துக்கு வந்து கத்தும்போது பின்புறத்தில் கண்ணாடிக் கம்பி போல ஒழுகும் கோழை கருப்பைக் கழுத்தில் சுரப்பது. ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது அது நீர்த்து, தெளிந்து, அறுபடாமல் இழுபடும். தகட்டில் தடவிக் காயவிட்டால் பெரணி இலை போன்ற படிகக் கோலம் விழும். பருவம் கடந்து புரோஜெஸ்டிரான் ஏறியதும் அதே கோழை கெட்டியாகிக் கழுத்தை அடைத்துவிடும். கோழையில் வெண்மையோ சீழ்த்துணுக்கோ தெரிந்தால் அன்று ஊசி போடாமல் கருப்பை அழற்சிக்குச் சிகிச்சை பார்ப்பது நல்ல மருத்துவர்களின் வழக்கம்.

ஆனால் இந்தக் கோழை ஒரே சீரான திரவமல்ல என்பதை 1989இல்தான் முல்லின்ஸ், சாக் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். பசுவின் கருப்பைக் கழுத்து உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புகளின் ஆழமான பள்ளங்களில் சுரப்பது சியாலிக் அமிலம் மிகுந்த நெகிழ்வான கோழை. மடிப்புகளின் முகட்டில் சுரப்பது சல்பேட் மிகுந்த கெட்டியான கோழை. நடுவழியில் கெட்டிக் கோழை வெளிநோக்கி வழிந்து வர, ஓரப் பள்ளங்களில் விந்தணு உள்நோக்கி ஏறிப்போக ஒரு தனிப்பாதை அமைகிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் சுவாரஸ், சி-குவான் டங் ஆகியோர் இந்தப் பள்ளங்களை நுண்ணளவில் சிலிக்கோன் தகட்டில் செதுக்கி, அவற்றில் நீரோட்டத்தையும் விட்டுப் பார்த்தார்கள். காளையின் விந்தணுக்கள் பள்ளத்தோரமாக ஒதுங்கி, ஓட்டத்தை எதிர்த்து நீந்தின. மாடுகளில் இனச்சேர்க்கை வழியாகப் பரவிக் கருச்சிதைவு உண்டாக்கும் டிரைட்ரைகோமோனாஸ் ஒட்டுண்ணியை அதே தகட்டில் விட்டபோது அதனால் அப்படி எதிர்நீச்சல் போட முடியவில்லை. நீரோடு அடித்துச் செல்லப்பட்டது. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வு எனக்கு மிகப் பிடித்த ஒன்று. விருந்தாளிக்குத் திறந்து திருடனுக்கு மூடும் கதவை, எந்த வேதி அடையாளமும் பார்க்காமல், பள்ளத்தின் அளவையும் நீரின் ஓட்டத்தையும் வைத்தே அமைத்துவிட முடியும் என்று அது காட்டுகிறது. பின்னொரு ஆய்வில் அதே குழு, கோழை போல இழுபடும் திரவத்தில் காளை விந்தணுக்கள் தனித்தனியாக நீந்தாமல் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து நீந்துவதைக் கண்டது. நிலையத்தின் கண்ணாடித் தகட்டில் இருக்கும் நீர்த்த கரைசலில் இதைப் பார்க்க வழியில்லை.

மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது நாம் இந்தக் கழுத்தைத் துப்பாக்கிக் குழலால் கடந்து, விந்தை நேரே கருப்பை உடலில் விடுகிறோம். காளை பல நூறு கோடியாக யோனியில் கொட்டுவதைச் சில கோடியில் முடிப்பதற்கு இதுவே காரணம். அப்படியும் விட்ட விந்தணுவில் பெரும்பகுதி கோழையோடு பின்னோக்கி வெளியேறிவிடுகிறது.

செம்மறி ஆட்டில் இந்தக் குறுக்குவழிக்கு இடமில்லை. அதன் கழுத்து வளைந்து நெளிந்து, ஒன்றோடொன்று நேர்க்கோட்டில் அமையாத வளையங்களாக இருப்பதால் குழல் நுழையாது. உறைவிந்து பயன்படுத்த வேண்டுமென்றால் வயிற்றைத் துளைத்து லேப்ராஸ்கோப் வழியே கருப்பைக்குள் விடுவதுதான் பல நாடுகளின் வழக்கம். செம்மறிக்குச் சினை ஊசி மாட்டுக்குப் பரவியது போலப் பரவாததற்கு இது ஒரு பெரிய காரணம். விதிவிலக்கு நார்வே. அங்கே உள்ளூர் வெள்ளைச் செம்மறிக்கு உறைவிந்தை யோனியிலேயே விட்டாலும் 60 விழுக்காட்டுக்கு மேல் சினை நிற்கிறது. அதே முறையை அயர்லாந்தில் முயன்றபோது முடிவு பெட்டை ஆட்டின் இனத்துக்கு இனம் மாறியது. சஃபோக் இனத்தில் மிகக் குறைவு, பெல்கிளேர் இனத்தில் அதைவிட நல்லது.

லிமரிக் பல்கலைக்கழகத்தில் ஷான் ஃபேர் குழுவினர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, பெல்கிளேர் ஆட்டின் கழுத்தை சஃபோக்கைவிட அதிக விந்தணுக்கள் கடப்பதைக் கண்டார்கள். கழுத்துத் திசுவின் மரபணுச் செயல்பாட்டிலும் கோழைப் புரதங்களில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளிலும் இனங்களுக்கிடையே வேறுபாடு இருந்தது. சினை நிற்காத பழியைக் கிடாவின் விந்தின் மேல் போட்டுப் பழகிய துறைக்கு இது ஒரு குட்டு.

கருப்பையில் விந்தணுவுக்கு வரவேற்பு கடுமையானது. அது பெண்ணுடலுக்கு அந்நியப் பொருள். நியூட்ரோபில் வெள்ளணுக்கள் திரண்டு வந்து விழுங்குகின்றன, தம் டிஎன்ஏ இழைகளையே வலையாக வீசிப் பிடிக்கின்றன. குதிரையின் விந்து நீரில் அந்த வலையை அறுக்கும் நொதி இருப்பது 2005இல் தெரியவந்தது. கருக்குழாயில் நிலைமை வேறு. ஜப்பானின் ஒபிஹிரோவில் மியாமோட்டோவின் குழு, பசுவின் கருக்குழாய்ச் செல்கள் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 முதலியவை இதே வெள்ளணுக்களின் பசியை அடக்கிவிடுவதைக் காட்டியது. கருப்பையில் வேட்டை, ஒரு சந்தி தாண்டிக் கருக்குழாயில் அடைக்கலம்.

அந்த அடைக்கலத்தில்தான் முக்கியமான வேலை நடக்கிறது. ஆர்.எச்.எஃப். ஹன்டரும், பிற்பாடு டாலி ஆட்டால் புகழ்பெற்ற அதே இயன் வில்மட்டும், 1984இல் கிடேரிகளில் ஒரு பொறுமையான சோதனை செய்தார்கள். இனச்சேர்க்கைக்குப் பிறகு வெவ்வேறு மணி நேரங்களில் கருக்குழாயைக் கட்டிப் பிரித்து, விந்தணு எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். முட்டையைக் கருவுறச் செய்யப் போதுமான விந்தணுக்கள் கருக்குழாயை அடையவே பல மணி நேரம் பிடித்தது. அடைந்தவை நேரே மேலே போய்விடவில்லை. இஸ்துமஸ் எனப்படும் குறுகிய கீழ்ப்பகுதியில், முட்டை வெளிவரும் நேரம்வரை, தங்கியிருந்தன.

தங்குவது என்றால் ஒட்டிக்கொள்வது. காளை விந்தணுவின் தலை கருக்குழாய்ச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஃப்யூகோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது என்று சுவாரஸ் குழு 1997இல் காட்டியது. பன்றியிலும் குதிரையிலும் சர்க்கரை வேறு. பற்றும் கை விந்தணுவுடையதே அல்ல என்பதுதான் இதில் வியப்பு: காளையின் விந்துப் பையில் சுரந்து, விந்து வெளிவரும் நொடியில் விந்தணுவின் மேல் படியும் பிடிசி-109 என்ற புரதம் அது. ஒட்டிய விந்தணு அமைதியடைகிறது, திறனேற்றம் தள்ளிப்போகிறது, ஆயுள் நீள்கிறது.

காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்று நம் கால்நடை மருந்தகங்களில் சொல்லும் விதி 1948இல் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் செய்த கணக்கிலிருந்து வந்தது. பசுவில் பருவம் முடிந்து 10 முதல் 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளிவருகிறது. வந்த முட்டை சில மணி நேரமே தாங்கும். விந்தணு அதற்குள் இஸ்துமஸில் போய் ஒட்டி, காத்திருந்து, கழன்று வர வேண்டும். டிரிம்பெர்கருக்குத் திறனேற்றம் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அந்தச் சொல்லே அப்போது பிறக்கவில்லை. விதி மட்டும் சரியாக விழுந்திருக்கிறது.

காத்திருப்பில் கோழியை மிஞ்ச மாடு கிடையாது. சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு வாரத்துக்குமேல் கோழி குஞ்சு பொரிக்கும் முட்டையிடுவதை வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் அறிவார்கள். கருக்குழாயின் மடிப்புகளில் உள்ள நுண்குழல்களில் விந்தணுக்கள் கிடக்கின்றன. வான்கோழியில் இது பல வாரம் நீளும். காடையில் அந்த நுண்குழலிலுள்ள லாக்டிக் அமிலம் விந்தணுவின் அசைவை நிறுத்தி வைப்பதாக ஜப்பானிய ஆய்வு ஒன்று கண்டது.

பசுவிடம் திரும்புவோம். முட்டை வரும் நேரம் நெருங்கும்போது ஒட்டியிருந்த விந்தணுவைக் கழற்றுவது எது? 1980களில் விஸ்கான்சினில் பாரிஷ், ஃபர்ஸ்ட் ஆகியோர், பருவகாலப் பசுவின் கருக்குழாய் நீர் காளை விந்தணுவைத் திறனேற்றுகிறது என்றும், அந்த வேலையைச் செய்வது ஹெப்பாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் என்றும் கண்டார்கள். அப்படியானால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹெப்பாரினையே போட்டால் என்ன? போட்டார்கள், வேலை செய்தது. இன்று உலகெங்கும் சோதனைக்குழாயில் உருவாகும் மாட்டுக் கருக்கள் பெரும்பாலும் இந்த ஹெப்பாரினின் பிள்ளைகள். 1990இல் கர்னாலின் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய் எருமைக் கன்று பிரதமுக்குப் பின்னால் இருப்பதும் இந்த வழியில் வந்த அறிவுதான். கூடவே ஒரு வினோதம்: அதே கரைசலில் குளுக்கோஸ் கலந்தால் ஹெப்பாரினின் வேலை தடைபட்டது. விந்தணுவுக்கு உணவென்று நாம் நினைப்பதே அதன் தயாரிப்பை நிறுத்தி வைக்கிறது. முட்டை வெளிவரும் நேரத்துப் புரோஜெஸ்டிரானும் ஒட்டியவற்றைக் கழற்றுவது பசுவிலும் பன்றியிலும் பின்னர் காட்டப்பட்டது. கழன்றவை வாலைச் சாட்டைபோல வீசி, தாறுமாறான வேகத்தில் ஓடுகின்றன.

பன்றியில் தொல்லை நேர்மாறானது. சோதனைக்குழாயில் பன்றி முட்டை கருவுறாமல் போவதில்லை; ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்து கருவைக் கெடுத்துவிடுகின்றன. 1971இலேயே ஹன்டர், அறுவையில் இஸ்துமஸை மாற்றியமைத்த பன்றிகளில் இந்தப் பல்விந்து நுழைவு கூடுவதைக் கண்டிருந்தார். இஸ்துமஸ் ஒரு கணக்காளர் போல ஒவ்வொன்றாக விடுகிறது என்று அப்போது கொண்டார்கள். ஸ்பெயினின் முர்சியாவில் பிலார் கோய் குழு 2008இல் இன்னொரு பாதுகாப்பையும் கண்டது. கருக்குழாய்ச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் ஆட்சியில் ஓவிடக்டின் என்ற கிளைக்கோபுரதத்தைச் சுரக்கின்றன. அது முட்டையைச் சுற்றிய சோனா உறையில் படிந்து, ஹெப்பாரின் துணையோடு, உறையைக் கடினமாக்குகிறது. பன்றியிலும் பசுவிலும் கருக்குழாய் நீரில் ஊறிய முட்டை எளிதில் துளைபடாது. ஆய்வகத்தில் கண்ட சிக்கல் விந்தணுவின் அத்துமீறல் அல்ல, அந்த நீர் இல்லாததன் விளைவு.

குதிரையின் கதையை நான் தனியாகவே சொல்வேன். மாட்டில் 1981இல் முதல் சோதனைக்குழாய்க் கன்று பிறந்துவிட்டது. குதிரையில் 1990ஐ ஒட்டி பிரான்ஸில் இரண்டு குட்டிகள் பிறந்ததோடு சரி. முப்பது ஆண்டு அந்த வழி மூடிக்கிடந்தது. ஹெப்பாரின், கால்சியத்தை உள்ளே இழுக்கும் அயனோஃபோர் என்று மற்ற விலங்குகளில் பலித்த எதுவும் பலிக்கவில்லை. துறையே சலித்துப்போய், விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேரே குத்திச் செலுத்தும் முறைக்கு மாறிவிட்டது. விளையாட்டுக் குதிரைகளின் உலகில் அது பெரிய வணிகமும் ஆனது.

2022இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேதியஸ் ஃபெலிக்ஸ், கேத்ரின் ஹின்ரிக்ஸ் குழு இந்தப் பூட்டைத் திறந்தது. பெனிசிலமின், ஹைப்போடாரின், எபிநெஃப்ரின் என்ற மூன்றும் கலந்த கரைசலில் விந்தணுவை 22 மணி நேரம் ஊறவைத்த பிறகே முட்டையோடு சேர்த்தார்கள். முட்டைகளில் பத்துக்கு ஒன்பது கருவுற்றன, குட்டிகளும் பிறந்தன. மூன்றும் புதுப் பொருட்கள் அல்ல, மாட்டுக் கரைசலில் 1980களிலிருந்தே இருப்பவை. அவற்றில் ஹைப்போடாரின் கருக்குழாய் நீரில் இயல்பாகவே உள்ளது. புதியது அந்த 22 மணி நேரம். பெட்டைக் குதிரை ஐந்தாறு நாள் பருவத்தில் இருக்கும், முட்டை அதன் இறுதியில்தான் வரும், விந்தணு அதற்குள் நாட்கணக்கில் காத்திருக்கும் என்பது வளர்ப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் காத்திருப்பை வீண் நேரமாகக் கருதி, மாட்டுக்கான சில மணி நேரத்தில் முடிக்கப் பார்த்ததில்தான் முப்பது ஆண்டு போயிற்று என்று நான் நினைக்கிறேன்.

விந்தணுவுக்கும் பெண்ணின் பாதைக்கும் நடக்கும் இந்த உரையாடல் ஒருவழி அல்ல என்பதற்கும் சான்றுகள் சேர்கின்றன. 2014இல் அல்மினானா, ஃபசெலி ஆகியோர் பன்றியின் ஒரு கருக்குழாயில் எக்ஸ் விந்தணுவையும் மறுகுழாயில் ஒய் விந்தணுவையும் விட்டுப் பார்த்தபோது, இருபுறத்துச் செல்களிலும் சுமார் 500 மரபணுப் படிகளின் அளவு வேறுபட்டது. இதை வைத்துப் பெண்ணுடல் ஆண்குட்டியா பெண்குட்டியா என்று தேர்ந்தெடுக்கிறது என்று சிலர் எழுதிவிட்டார்கள். ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை.

இதெல்லாம் உறைவிந்துக் குச்சிக்கு என்ன சொல்கிறது? மொன்றியாலில் பி. மஞ்சுநாத் குழு, கரைசலில் நாம் சேர்க்கும் முட்டை மஞ்சள் கரு ஏன் விந்தணுவைக் காக்கிறது என்று ஆராய்ந்தது. மஞ்சள் கருவிலுள்ள கொழுப்புப் புரதங்கள், விந்து நீரின் பிடிசி-109 குடும்பப் புரதங்களைப் பிடித்து ஒதுக்கிவிடுகின்றன. அதனால் அவை சவ்வின் கொழுப்பை உருவுவது நிற்கிறது. ஆனால் கருக்குழாயில் ஒட்டுவதற்கு வேண்டியதும் அதே புரதக் குடும்பம். குச்சிக்குள் உயிரைக் காக்கும் ஏற்பாடு குழாய்க்குள் பிடிமானத்தைத் தளர்த்துகிறதோ என்று கேட்பது நியாயம். உறைதலும் உருகலும் வேறு சவ்வைக் குலைத்து, பாதித் திறனேறிய நிலைக்கு விந்தணுவைத் தள்ளிவிடுகின்றன. காத்திருக்கும் ஆயுள் சுருங்குகிறது. பாலினம் பிரித்த விந்தில் ஒரு குச்சிக்கு 20 முதல் 40 லட்சம்தான் விந்தணு; பிரிக்கும் கருவியின் அழுத்தத்தையும் அவை தாண்டி வந்தவை. அந்த ஊசியை முட்டை வரும் நேரத்துக்கு இன்னும் நெருக்கி, சற்றுத் தாமதித்துப் போடச் சொல்வதன் தர்க்கம் இதுதான்.

தேர்வு முறையையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் கெண்டில் 2002இல் வெளியான ஆய்வில், கருக்குழாய்த் துண்டுகளோடு விந்தணுக்களை ஒருநாள் விட்டு, எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று எண்ணினார்கள். களத்தில் நன்றாகச் சினை பிடிக்கும் காளையின் விந்தணுக்கள் அதிகம் ஒட்டின. அப்படியிருந்தும் இது நிலையங்களின் அன்றாடத் தேர்வாக ஆகவில்லை. கருக்குழாய்க்கு இறைச்சிக்கூடத்தை நம்ப வேண்டும். அங்கே வரும் உறுப்பு எந்தப் பருவ நிலையிலிருந்த விலங்கினுடையது என்பதைச் சினைப்பையைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். செத்த திசுவின் நீரில் இரத்தமும் கலந்திருக்கும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி கில்லியன் இதற்காகவே உயிருள்ள பசுக்களின் கருக்குழாயில் மெல்லிய குழல் பொருத்தி, இஸ்துமஸ் நீரையும் கருக்குழாயின் மேற்பகுதியான ஆம்புல்லாவின் நீரையும் தனித்தனியாக, பருவச் சுழற்சியின் நாள் கணக்கோடு சேகரித்தார். அந்த இரண்டு நீரும் ஒன்றல்ல என்பதும், காளை விந்தணுவின் மேல் அவற்றின் விளைவு இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது.